வலைக்கு அந்தப் பக்கத்துச் சாம்பல்

வலை கட்டிய அன்று கொல்லையில் இருந்தவர்கள் நான்கு பேர்: அம்மா, அய்யா, ஏழாம் மாதத்து வயிற்றோடு தாய்வீடு வந்திருந்த அக்கா, நான். இல்லாதவர் பெரியம்மா. அய்யாவின் அண்ணன் மனைவி. கொல்லைக்கு அந்தப் பக்கத்து வீடு அவருடையது. கமுதியில் அவர் பிறந்த வழியில் ஒரு சாவு என்று விடியற்காலைப் பஸ்ஸிலேயே போய்விட்டார். அவர் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் அம்மா வலையைக் கட்டச் சொன்னாள். இருந்தால் எதற்கு என்று கேட்பார். எங்களிடம் பதில் இருந்தது. ஆனால் முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய பதிலாக அது இல்லை.

எங்கள் கோழிகளைப் பெரியம்மா பழக்கி வைத்துக்கொண்டு முட்டை எடுக்கிறார் என்பது அம்மாவின் சந்தேகம். காலையில் கூட்டைத் திறந்துவிட்டால், போட்ட கம்புத் தானியத்தைப் பொறுக்கி முடித்ததும் எல்லாக் கோழியும் நேராக அந்தப் பக்கம்தான் போகும். பெரியப்பா கரிமூட்டம் போடுகிறவர். சீமைக்கருவேல மரத்தை வெட்டி அடுக்கி, மண் பூசி மூடி, உள்ளேயே புகைய விட்டுக் கரி எடுக்கும் வேலை. மூட்டம் பிரித்த இடத்தில் கரித்தூளும் சாம்பலும் சுட்ட மண்ணுமாக ஒரு மேடு எப்போதும் கிடக்கும். மத்தியானத்துக்கு மேல் கோழிகள் அங்கிருந்து திரும்பும்போது நிறம் மாறியிருக்கும். முக்கியமாக எங்கள் வெள்ளைப் பெட்டை. தலையில் குடுமி மாதிரி இறகு நட்டுக்கொண்டு நிற்கும் கோழி அது. எங்கள் பக்கத்தில் வேறு யாரிடமும் அந்தச் சாடையில் கோழி கிடையாது. அது மழைமேகம் மாதிரி வந்து நிற்கும்.

"எங்கோழிக்கு எவ கரி பூசுறது?" என்று அம்மா அதைத் தூக்கி முந்தானையால் துடைப்பாள். "அடையாளம் தெரியக் கூடாதுன்னே செய்றா. நாளைக்கு இது என் கோழின்னு நின்னா நம்ம எத வச்சுப் பேசுறது?"

"கோழிக்கும் ஒரு ஆதார் எடுத்து வச்சிருவோம்," என்றார் அய்யா.

அய்யாவுக்கு விளையாட்டு. அம்மாவுக்கு இல்லை. அக்காவுக்கு இது தலைப்பிரசவம். பிள்ளை பெற்றவளுக்கு மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு நாட்டுக்கோழிச் சாறு வைத்துக் கொடுக்க வேண்டும். அதுவும் ஒரு நாள், இரண்டு நாளோடு முடிவதில்லை. அக்காவின் மாமியார் வீட்டுக்காரர்கள் பிள்ளை பார்க்க வரும்போது கொல்லையில் கோழி திரிய வேண்டும். அடுப்பில் சாறு கொதிக்க வேண்டும். கடையில் வாங்கி ஆக்கிப் போட்டார்கள் என்ற பேச்சு அந்த ஊர் வரைக்கும் போய்விடக் கூடாது. சொந்தக் கோழி, சொந்த வளர்ப்பு. அதில் அம்மா பிடிவாதமாக இருந்தாள். அதற்காகத்தான் அந்தப் பெட்டைகளையும் செவலைச் சேவலையும் யார் கேட்டும் விற்காமல் வைத்திருந்தாள்.

ஆகவே வலை. தங்கச்சிமடத்தில் ஒரு படகுக்காரரிடம் கிழிந்த மீன்வலையை அய்யா பேசி வாங்கி வந்தார். நீல நைலான் வலை. அதைக் கம்பு நட்டு இழுத்துக் கட்டினோம். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, எந்த மூலையில் ஓட்டை தெரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கட்டி முடிப்பதற்குள் மீன் வாடைக்கு ஊர்ப் பூனையெல்லாம் வந்து கூடிவிட்டது.

மறுநாள் பெரியம்மா ஊரிலிருந்து வந்து வலையைப் பார்த்தார். ஒரு கண்ணியை விரலால் இழுத்துப் பார்த்தார்.

"ஏத்தா, கொல்லையில கடல் வந்துருச்சா?" என்றார்.

"கீரித் தொல்லைக்கா," என்றாள் அம்மா.

"கீரியா? சரி சரி. கீரிதான் ரொம்ப மோசம்." பெரியம்மா சிரித்துக்கொண்டே உள்ளே போனார். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று அம்மா ராத்திரிச் சோறு வரைக்கும் யோசித்தாள்.

வலைக்கு இந்தப் பக்கம் கோழிகளுக்கு இடம் குறைவில்லை. ஆனால் வீடு கட்டியபோது மிஞ்சிய சிமெண்டை வீணாக்கக் கூடாது என்று அய்யா கொல்லையில் பாதிக்குத் தளம் போட்டிருந்தார். மீதிப் பாதி, காலகாலமாகப் பாத்திரம் கழுவிய தண்ணீர் ஊற்றி, மிதித்து, ஓடு மாதிரி இறுகிய தரை. கோழிகள் அதைக் கீறிப் பார்த்துவிட்டு வலையோரமாக வந்து வரிசையாக நிற்கும். அந்தப் பக்கத்தையே பார்க்கும்.

"பாத்தியா, எப்படிப் பழக்கி வச்சிருக்கா," என்பாள் அம்மா.

ஒரு மாதம் போலக் கழிந்தது. முட்டை கூடவில்லை, குறைந்தது. இதற்கு அம்மா ஒரு காரணம் சொன்னாள்: ஏக்கம். பிறகு கோழிகளின் கொண்டை வெளுக்க ஆரம்பித்தது. செவலைச் சேவலின் கொண்டை செம்பருத்தி மாதிரி இருக்கும். அது வெந்த இறால் நிறத்துக்கு வந்தது. கோழிகள் சும்மா சும்மா இறக்கைக்குள் அலகை விட்டுக் கோதின. உச்சிப்புளிப் பக்கமிருந்து கடற்படை விமானம் தாழப் பறந்தால் முன்பெல்லாம் ஓடிப்போய்க் கூட்டுக்குள் ஒளியும். இப்போது கூட்டை விட்டுவிட்டு வேறெங்கெங்கோ ஓடின. சாயங்காலமானால் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. முருங்கை மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டன. பிடித்து உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினால் இரவெல்லாம் கொறுகொறுவென்று சத்தம்.

"பாம்பு வருதோ என்னமோ," என்றார் அய்யா.

"பாம்பு வந்தா முட்டையத் திங்கும். கோழிக் கொண்டைய வெளுக்க வைக்குமா?" என்றாள் அம்மா. "கூட்டுக்கு அடியில என்னமோ பொதச்சு வச்சிருக்கா. நம்ம அக்காமடம் ஊருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனம்ல, அன்னைக்கு."

நான் கல்லூரி வரைக்கும் போனவன். எங்கள் வீட்டில் அப்படிப் போன முதல் ஆள். அதெல்லாம் ஒன்றுமில்லையம்மா என்று சொல்ல வேண்டியவன் நான். சொல்லவும் செய்தேன். ஆனால் மண்வெட்டியை எடுத்து வந்து கூட்டுக்கு அடியில் தோண்டியதும் நான்தான். இரண்டு துருப்பிடித்த ஆணியும் ஒரு எலும்புத் துண்டும் கிடைத்தன. அம்மா அக்காவை வீட்டுக்குள் போகச் சொல்லிவிட்டு எலும்பைக் குச்சியால் புரட்டினாள்.

"ஆட்டெலும்பு. நாய் பொதச்சிருக்கும்," என்றார் அய்யா.

"நாய்க்கு ஆணி எதுக்கு?"

அய்யா மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார். அந்தக் கூட்டையே ஆணி அடித்துத்தான் செய்திருந்தோம் என்பது எனக்கு மறுநாள்தான் தோன்றியது. அம்மாவிடம் சொன்னேன். "நீ அவளுக்கு வக்கீலா?" என்றாள்.

அதற்குள் ஒரு பெட்டை அடைக்கு உட்கார்ந்திருந்தது. அக்கா பிள்ளை பெறும் நேரத்தில் கொல்லையில் குஞ்சும் திரிய வேண்டும் என்று கணக்குப் போட்டு அம்மா வைத்த அடை அது. அடைக்கோழி அவ்வளவு எளிதில் முட்டையை விட்டு எழாது. இது எழுந்து எழுந்து நின்றது. ஒரு காலையில் முட்டைகளின் மேலேயே தலையைச் சாய்த்துச் செத்துக் கிடந்தது. தூக்கினால் பஞ்சு மாதிரி இருந்தது. அம்மா அழவில்லை. வலைப்பக்கம் போய் நின்று, அந்த வீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தாள்.

அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "தம்பி, எனக்குப் பயமா இருக்குடா. கோழிக்கே இப்படின்னா..." என்று வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். நான் அன்றிலிருந்து பெரியம்மாவைக் கண்காணிக்க ஆரம்பித்தேன்.

குடுமிப் பெட்டைதான் எனக்கு வழிகாட்டியது. ஒரு நாள் வலையில் எங்கோ நுழைந்து அந்தப் பக்கம் ஓடிவிட்டது. பெரியம்மா இதற்கு என்ன கொடுக்கிறார் என்று கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று நான் வலையின் அடியைத் தூக்கி நுழைந்து பின்னாலேயே போனேன். வேலிக்கருவை மறைவில் குந்தினேன். கோழி கரிமேட்டில் ஏறியது. அலகால் இரண்டு முறை கொத்தியது. திடீரென்று காலை மடக்கி ஒருக்களித்து விழுந்தது. கழுத்தைத் தரையில் தேய்த்தது. ஒரு இறக்கை மேலே விறைத்து நின்றது. கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. கண் பாதி செருகிவிட்டது.

கோழி புழுதியில் புரள்வதை நான் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு என் மண்டை முழுக்க விஷம்தான் இருந்தது. கொத்தியதில் மருந்து இருந்திருக்கிறது என்று பாய்ந்துபோய் அதை இரண்டு கையாலும் வாரி எடுத்தேன். கோழி ஒரு கத்து கத்தி உடம்பைச் சிலிர்த்தது. இறகுக்குள் இருந்த கரியும் சாம்பலும் மொத்தமாக என் முகத்திலும் வெள்ளைச் சட்டையிலும் அடித்தது.

"ஏலே!"

பெரியம்மா குடத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

"ஒரு பொட்டக்கோழி குளிக்கிறத மறஞ்சிருந்து பாக்குறியே, வெக்கமா இல்ல? காலேசுல இதத்தான் சொல்லிக் குடுத்தாகளா?"

"இல்ல பெரியம்மா, கோழி வந்துருச்சு... பிடிக்க வந்தேன்."

"நல்லாப் பிடிச்ச. மூஞ்சியக் கழுவிட்டுப் போ. ஒங்க ஆத்தா பாத்தா நாந்தான் பூசுனேம்பா."

கடைசியாக அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்று எனக்கு அப்போது தோன்றியது. எப்படித் தெரிந்தது என்ற சந்தேகமும் கூடவே வந்தது.

வீட்டுக்கு வந்து குடுமிப் பெட்டையை இறக்கிவிடும்போது கவனித்தேன். மற்றக் கோழிகளைப் பிடித்தால் என் முழங்கை வரைக்கும் அரிக்கும். அன்று அரிக்கவில்லை. மறுநாள் காலை கோழிகளை வெளியே விட்டதும் அய்யாவின் பழைய வெள்ளைத் துண்டைக் கொண்டுபோய், கூட்டுக்குள் கோழிகள் உட்காரும் கம்பின் அடிப்பக்கத்தை அழுத்தித் துடைத்தேன். துண்டில் சிவப்புச் சிவப்பாகக் கோடு விழுந்தது. ரத்தம்.

முதலில் எனக்கும் திக்கென்றுதான் இருந்தது. பிறகு பார்த்தால் அந்தக் கோட்டின் ஓரத்தில் கடுகை விடச் சின்னதாகப் புள்ளிகள் நடந்துகொண்டிருந்தன. பனஞ்சட்டத்தின் வெடிப்பில் விளக்குமாற்றுக் குச்சியை விட்டு நெம்பினேன். உள்ளே அப்பியிருந்தது, குவியலாக. கோழிச் செள்ளு. பகலில் வெடிப்புக்குள் கிடந்துவிட்டு, இருட்டியதும் ஏறி ரத்தம் குடித்துவிட்டு, விடிவதற்குள் திரும்பவும் போய் ஒளிந்துகொள்ளும் சாதி. போனில் தேடிப் பார்த்ததில் மற்றதும் புரிந்தது. கோழி சாம்பலிலும் காய்ந்த புழுதியிலும் புரண்டால் அந்தத் தூள் இறகுக்கு அடியில் போய்ப் பூச்சியைக் காயவைத்து உதிர்த்துவிடும். கோழிகளுக்குத் தேவையானது அதுதான். அதைத் தேடித்தான் நாள்தோறும் அந்தப் பக்கம் போயிருக்கின்றன. நாங்கள் வலை கட்டி நிறுத்திவிட்டோம்.

துண்டைக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினேன். முழுவதும் கேட்டாள்.

"சரி. இந்தச் செள்ளு இத்தன நாளா இல்லாம இப்ப எங்கன இருந்து வந்துச்சு?"

"எப்பவும் கொஞ்சம் இருந்திருக்கும்மா. குளிக்காம விட்டதுல பெருகிருச்சு."

"இல்ல. கொண்டாந்து விட்டிருக்கா."

மருந்துக்கடையில் பூச்சிப்பொடி விற்கிறது என்றேன். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில், நாளைக்குச் சாறு வைக்கப்போகிற கோழிக்கு விஷப்பொடியா என்று அம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். அதில் அவள் பக்கம் நியாயம் இருந்தது. ஆகவே பொடி இல்லாமல் செய்தோம். கூட்டைப் பிரித்து வெளியே போட்டு வெந்நீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினோம். பிறகு நாள் முழுக்க வெயிலில் கிடத்தி, காய்ந்த பனையோலையைக் கொளுத்தி ஒவ்வொரு வெடிப்பிலும் தீ காட்டினோம். அய்யா அந்த வெடிப்புகளைச் சுண்ணாம்பு வைத்து அடைத்தார். உட்காரும் கம்பில் வேப்பெண்ணெய் தடவினேன். உள்ளே வேப்பிலையைக் காயவைத்து நொறுக்கித் தூவினோம். அக்கா கிட்டவே வரக் கூடாது என்று உத்தரவு. அவள் சன்னலில் நின்றபடி யாருக்கு எங்கே கரி ஒட்டியிருக்கிறது என்று சொல்லிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

குளியலுக்கு இடம் செய்வதில்தான் நான் தவறினேன். கடற்கரை பக்கம்தானே, மணலுக்கா பஞ்சம் என்று பைக்கில் இரண்டு சாக்கு மணல் கொண்டுவந்து, கொல்லையில் ஒரு பள்ளம் தோண்டிக் கொட்டினேன். பார்க்கச் சர்க்கரை மாதிரி இருந்தது. கோழிகள் வந்தன, கீறின, ஒன்றுகூடப் படுக்கவில்லை. உப்பு மணல். ராத்திரி ஈரத்தை இழுத்துவைத்துக்கொண்டு காலையில் பிசுபிசுவென்று கிடந்தது. கையில் எடுத்தால் தட்டினாலும் உதிரவில்லை. நான் பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து கோழிகளைப் பார்த்தேன். அவை வலைக்கு அந்தப் பக்கம் பார்த்தன.

"சாம்பல் வேணும்மா," என்றேன்.

"அடுப்புச் சாம்பலுக்கு எங்கன போறது? காஸ் வந்து எத்தன வருசமாச்சு?"

"பெரியம்மா வீட்டுல மலையாக் கெடக்கு. ஒரு சட்டி கேட்டா..."

"அவ வீட்டுச் சாம்பலு எங்கொல்லைக்குள்ள வரக் கூடாது. அதுல என்ன கலந்திருக்கோ."

மறுநாளிலிருந்து அம்மா கொல்லையில் மூன்று கல் வைத்து விறகடுப்பு மூட்டினாள். அக்கா குளிக்க வெந்நீர் வைக்கிறேன் என்றாள். சாம்பலுக்காக என்று அவள் வாயால் சொல்லவில்லை. ஆனால் ஒரு ஆள் வெந்நீரில் கிடைக்கிற சாம்பல் ஒரு கோழிக்கே காணாது.

இதற்கு நடுவில் ஒரு காலை வலையில் பெரிய ஓட்டை இருந்தது. பிய்த்துக்கொண்ட ஓட்டை மாதிரி இல்லை; கத்தி வைத்து அறுத்தது. கோழி நிமிர்ந்து நடந்து போகிற உயரத்துக்கு, வாசல் மாதிரி. எல்லாக் கோழியும் கரிமேட்டில் இருந்தன. செவலைச் சேவல் நடுவில் மல்லாந்து கிடந்து தூசி கிளப்பியது.

"அவதான் அறுத்திருக்கா," என்றாள் அம்மா.

எனக்கு அய்யா மேல் சந்தேகம். அவருடைய மடக்குக் கத்தியின் இடுக்கில் நீல நைலான் இழை ஒன்று சிக்கியிருந்தது. வலை கட்டிய நாளில் சிக்கியதாகவும் இருக்கலாம். அய்யாவைக் கேட்டேன். "கீரியா இருக்கும்," என்றார். அக்கா அன்று வழக்கத்தை விட நேரம் கழித்து எழுந்தாள் என்பதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அறுத்தது யார் என்று எங்கள் வீட்டில் இன்றுவரை தெரியாது. நான் ஊசியும் கயிறும் எடுத்துக்கொண்டு ஓட்டையைத் தைக்கப் போனேன். அம்மா பார்த்தாள்.

"இப்ப என்ன அவசரம்? வெயில் தாழட்டும்," என்றாள்.

வெயில் தாழ்ந்தது. மறுநாளும் தாழ்ந்தது. யாரும் அதைத் தைக்கவில்லை.

கோழிகள் மெல்லத் தேறின. முருங்கை மரத்தை விட்டுக் கூட்டுக்குள் போக ஆரம்பித்தன. துண்டில் சிவப்புக் கோடு குறைந்து, பிறகு விழாமல் ஆனது. ஆனால் போன ரத்தம் ஊற நாளாகும் போலிருந்தது. கொண்டை இன்னும் வெளுப்பாகவே இருந்தது. நெஞ்செலும்பு கத்தி மாதிரி கையில் தட்டுப்பட்டது. அதற்குள் அக்காவுக்கு வலி வந்துவிட்டது. பெண் குழந்தை. இருவரும் நலமாக வீடு வந்தார்கள்.

மாமியார் வீட்டார் மறுநாள் வருகிறார்கள் என்று போன் வந்தது. அம்மா காலையில் ஒவ்வொரு கோழியாகப் பிடித்து நெஞ்சைத் தடவிப் பார்த்து இறக்கிவிட்டாள். கடைசிக் கோழியையும் இறக்கிவிட்டுக் குந்தியபடியே என்னைப் பார்த்தாள்.

"ரத்தமில்லாத கோழிய அறுத்து பிள்ள பெத்தவளுக்கு எப்படிறா குடுக்குறது?"

"கடையில வாங்கிட்டு வாரேம்மா."

"கடைக் கோழியா? அவுக வந்து இறக்கையப் பாத்தே சொல்லிருவாக."

எழுந்தாள். முந்தானையை உதறி இழுத்துச் செருகினாள். வலையில் இருந்த ஓட்டைக்கு முன்னால் நின்று, குனிந்து, அதன் வழியாகவே அந்தப் பக்கம் போனாள். நான் பின்னால் போனேன்.

பெரியம்மா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"பேத்தி எப்படி இருக்கா? இங்கன வரைக்கும் கேக்குதே அழுகச் சத்தம்."

"நல்லா இருக்காக்கா. பால் பத்தல. ஒரு கோழி வேணும். வெடக்கோழியா இருந்தாத் தேவல."

பெரியம்மா கீரையைத் தள்ளி வைத்துவிட்டுப் பின்பக்கம் போனார். ஒரு கோழியைக் கால் கட்டிக் கொண்டுவந்தார். முதல் முட்டைக்கு நிற்கிற பருவம். கொண்டை ரத்தச் சிவப்பு. வெள்ளைக் கோழி, இறகில் கரி படிந்திருந்தது. தலையில் எங்கள் பெட்டைக்கு இருப்பது போலவே குடுமி.

அம்மா அதை வாங்கினாள். குடுமியை விரலால் ஒருமுறை தடவினாள். கரியைத் துடைத்துப் பார்த்தாள்.

"இது எங்கன வாங்குனதுக்கா?"

"வாங்கல. எங்கொல்லையில பொரிச்சது. ஏன் கேக்குற?"

எங்கள் வீட்டில் பிள்ளை அழுதது. அம்மா அந்தப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள்.

"சும்மாதான்க்கா. நல்ல சாதி."

"ஆமா. நல்ல சாதிதான்," என்றார் பெரியம்மா. கரி நிறுக்கிற கொக்கித் தராசைச் சுவரிலிருந்து எடுத்தார். "சொந்தத்துக்குள்ள காசு எதுக்குன்னு நெனச்சேன். அப்புறம் நீயி, என்னத்துக்கு இனாமாக் குடுத்தான்னு யோசிச்சுக்கிட்டுக் கெடப்ப. அதான் நிறுத்தே குடுத்துருறேன்."

அம்மா முள் நிற்கும் வரை தராசையே பார்த்தாள். பிறகு சுருக்குப்பையை அவிழ்த்து எண்ணி வைத்தாள். எழுநூற்று ஐம்பது ரூபாய்.